ஸ்க்ரூபால் காமெடி: ஆண், பெண், சிரிப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1930களில் ஹாலிவுட்டில் வந்த ஸ்க்ரூபால் காமெடிப் படங்களை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டும் பழக்கம் எனக்குப் பல வருடங்களாக உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். படம் முடிந்து டீ வரும்போது கேள்விகள் ஆரம்பிக்கும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. அதனால் என் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கதை முடிவுகளையும் சொல்லியிருக்கிறேன். படம் பார்த்துவிட்டுப் படிக்க விரும்புபவர்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் போய்விடுங்கள்.

ஸ்க்ரூபால் என்ற பெயர் எப்படி வந்தது?

பேஸ்பாலில் இருந்து வந்தது. வழக்கமாக வளையும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளையும்படி வீசும் பந்துக்கு அந்தப் பெயர். கிரிக்கெட்டில் தூஸ்ரா பார்த்துப் பழகியவர்களுக்குச் சட்டென்று புரியும். நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் கார்ல் ஹப்பல் இதில் பெரிய கை. 1934 ஜூலையில் நடந்த ஆல் ஸ்டார் ஆட்டத்தில் பேப் ரூத், லூ கெரிக் உட்பட ஐந்து பெரிய மட்டையாளர்களை அடுத்தடுத்து வெளியேற்றினார். கிறுக்குத்தனமான ஆளையும் அமெரிக்கப் பேச்சு வழக்கில் ஸ்க்ரூபால் என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிக்க முடியாத ஒரு பெண், அவளைச் சமாளிக்க முடியாமல் தவிக்கும் ஒரு ஆண், இருவருக்கும் நடுவே ஓயாத வாய்ச்சண்டை. இந்த வகைப் படங்களுக்கு அந்தப் பெயர் நன்றாகவே பொருந்தியது.

காலம் என்று பார்த்தால் 1934 முதல் 1940களின் தொடக்கம் வரை. பத்து வருடங்கள்கூட முழுசாக வராது.

சாதாரண காதல் நகைச்சுவைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

காதல் நகைச்சுவையில் இருவரும் சேர்வார்களா என்று காத்திருக்கிறோம். ஸ்க்ரூபாலில் ஆணின் மானம் மரியாதை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று காத்திருக்கிறோம். காதல் கடைசியில் தானாக வந்து சேரும்.

பெண்தான் கதையை ஓட்டுகிறாள் என்கிறீர்களே, எப்படி?

ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய 'பிரிங்கிங் அப் பேபி' (1938) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேரி கிராண்ட் ஒரு அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் விஞ்ஞானி. நான்கு வருடமாக ஒரு டைனோசர் எலும்புக்கூட்டைக் கோத்துக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு எலும்புதான் பாக்கி, அதுவும் வந்துகொண்டிருக்கிறது. மறுநாள் கல்யாணம். மணப்பெண்ணோ தேனிலவு கிடையாது, உங்கள் வேலைதான் நமக்கு முக்கியம் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். இந்த ஒழுங்கான வாழ்க்கைக்குள் காத்தரின் ஹெப்பர்ன் நுழைகிறார். முதலில் அவருடைய கோல்ஃப் பந்தைத் தன்னுடையது என்று எண்ணி அடிக்கிறார். அடுத்து அவருடைய காரைத் தன்னுடையது என்று எண்ணி ஓட்டிக்கொண்டு போகிறார். அப்புறம் சிறுத்தை வருகிறது.

நான் சொல்ல வருவது உணவு விடுதிக் காட்சி. ஹெப்பர்ன் ஆலிவ் காயைத் தூக்கிப்போட்டு விளையாடிக்கொண்டிருக்கிறார். ஒன்று கீழே விழ, கிராண்ட் அதில் வழுக்கித் தன் பட்டுத் தொப்பியின் மேலேயே உட்கார்ந்துவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் அவருடைய கோட்டின் பின்பக்கம் கிழிகிறது. கிழித்தது ஹெப்பர்ன். பிறகு அவர் கோபித்துக்கொண்டு விறுவிறுவென்று நடக்க, கிராண்ட் அவர் பாவாடை நுனியை மிதித்துக்கொண்டு நின்றதால் அதன் பின்பக்கம் முழுக்கக் கிழிந்து கையோடு வந்துவிடுகிறது. ஹெப்பர்னுக்கு அது தெரியவே தெரியாது. கிராண்ட் பதறிப்போய் நசுங்கிய தொப்பியால் மறைக்கிறார். விஷயம் புரிந்ததும் ஹெப்பர்ன் அப்படியே உறைந்து நிற்கிறார். கடைசியில் இருவரும் ஒட்டிக்கொண்டு, முன்னால் அவர் பின்னால் இவர், இடது வலது என்று கால் மாற்றாமல் சிப்பாய்கள் போல வெளியே நடக்கிறார்கள்.

இந்தக் காட்சியில் இருவர் துணியும் கிழிகிறது. கூட்டத்தின் முன்னால் மானம் போவதும் இருவருக்கும்தான். வெளியே போக வேண்டுமானால் இருவரும் ஒரே தாளத்தில் நடந்தாக வேண்டும். காதல் வசனம் ஒன்றுகூட இல்லாமல், இவர்கள் சேர்ந்தவர்கள் என்று உடம்பாலேயே சொல்லிவிடுகிறார் ஹாக்ஸ்.

ஆண் பெண்ணுடை போட்டுக்கொண்டு வந்தால் சிரிப்பது பெண்களைக் கேலி செய்வது ஆகாதா?

பல படங்களில் ஆகும். தமிழ்ப் படங்களிலும் அப்படிப்பட்ட காட்சிகளைப் பார்த்து நான் நெளிந்திருக்கிறேன். ஆனால் இதே படத்தில் கிராண்ட் ஹெப்பர்னின் இறகு வைத்த வீட்டு அங்கியைப் போட்டுக்கொண்டு கதவைத் திறக்கும் காட்சியைக் கவனியுங்கள். அவர் குளிக்கும்போது ஹெப்பர்ன் அவருடைய துணியையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டார், இவர் ஊரை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக. கிராண்ட் பெண்ணைப் போல நெளிந்து குழைந்து நடிப்பதில்லை. அந்த அங்கியில் அதே கோபக்கார விஞ்ஞானியாகத்தான் நிற்கிறார். சிரிப்பு பெண்மையைப் பார்த்து வரவில்லை. சட்டையும் கால்சட்டையும் போன அடுத்த நிமிடமே ஒரு ஆணின் அதிகாரம் எப்படிக் காணாமல் போகிறது என்பதைப் பார்த்து வருகிறது.

அந்தக் காலத்தில் இப்படிப் படம் எடுக்க எப்படித் துணிந்தார்கள்?

இரண்டு காரணங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, 1929இல் தொடங்கிய பெருமந்தம். 1933இல் அமெரிக்காவில் உழைப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. குடும்பத்தைக் காப்பவன் ஆண் என்ற நம்பிக்கை அடியோடு ஆட்டம் கண்ட நேரம். அதே நேரம் பெண்கள் மேல் கோபமும் இருந்தது. 1932இல் வந்த ஒரு சட்டத்தின்படி, கணவன் மனைவி இருவரும் மத்திய அரசு வேலையில் இருந்தால் ஆட்குறைப்பில் முதலில் அவர்களில் ஒருவர் போக வேண்டும். பெரும்பாலும் வேலையை விட்டது மனைவிதான். 1937 வரை அது நடைமுறையில் இருந்தது. இப்படி வீட்டுக்குத் திரும்பிப் போ என்று நாடு பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்த அதே வருடங்களில், திரையில் ஒரு பெண் ஆணைவிட வேகமாகப் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு இந்தப் படங்கள் மேல் இருக்கும் பிரியத்துக்கு இது முக்கியமான காரணம்.

இன்னொன்று தணிக்கை. ஹாலிவுட்டின் தயாரிப்பு விதிகள் 1930இலேயே எழுதப்பட்டாலும், 1934 நடுவில் ஜோசப் ப்ரீன் பொறுப்பேற்ற பிறகுதான் கறாராக அமலுக்கு வந்தன. தணிக்கை முத்திரை இல்லாத படத்தை வெளியிடும் நிறுவனத்துக்கு 25,000 டாலர் அபராதம். படுக்கையறையைக் காட்ட முடியாது, நீண்ட முத்தம் கூடாது. சரி, காதலர்களை என்னதான் செய்ய வைப்பது? பேச விட்டார்கள், ஓட விட்டார்கள், தட்டை உடைக்க விட்டார்கள். ஆசையெல்லாம் வாக்குவாதத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. வாக்குவாதம் ரசிக்கும்படி இருக்க வேண்டுமானால் எதிராளி சமபலமாக இருக்க வேண்டும். ஒழுக்கத்தைக் காப்பாற்ற வந்த விதிகள் தெரியாத்தனமாகப் பெண்ணுக்கு நல்ல வசனங்களை வாங்கிக் கொடுத்துவிட்டன.

'இட் ஹாப்பண்ட் ஒன் நைட்' படத்தில் காலைக் காட்டித்தானே காரை நிறுத்துகிறாள்? அது எப்படிச் சமத்துவம்?

இதுதான் எங்கள் வீட்டில் அதிகம் சண்டை கிளப்பிய கேள்வி. ஃப்ராங்க் காப்ராவின் 1934 படம். கிளாடெட் கோல்பர்ட் அப்பாவிடமிருந்து தப்பி ஓடும் பணக்காரப் பெண். கிளார்க் கேபிள் வேலை போன பத்திரிகைக்காரர். சாலையோரத்தில் நின்று, கட்டைவிரலைக் காட்டி லிஃப்ட் கேட்பதில் எத்தனை வகை உண்டு என்று கேபிள் பாடமே நடத்துகிறார். கார்கள் சர்சர்ரென்று போய்க்கொண்டே இருக்கின்றன, ஒன்றுகூட நிற்கவில்லை. வேலி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கோல்பர்ட் இறங்கி வந்து, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டுகிறார். அடுத்த கணம் ப்ரேக் கிறீச்சிடும் சத்தம்.

ஒரு தோழி சொன்னாள்: "அவளுக்கு இருக்கும் ஒரே ஆயுதம் அவள் உடம்பு என்றுதானே அந்தப் படம் சொல்கிறது?" நியாயமான பேச்சு. நான் மறுக்கவில்லை. ஆனால் காட்சியின் கேலி யார் மேல் விழுகிறது என்று பார்க்கச் சொன்னேன். அதுவரை படம் முழுக்கக் கேபிள்தான் வாத்தியார். டோநட்டைக் காபியில் எப்படி முக்க வேண்டும் என்பதுவரை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். கட்டைவிரல் பாடம் தோற்கும் இடத்தில் அந்த வாத்தியார் வேலை போய்விடுகிறது. காரில் ஏறியபின் கேபிள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, எல்லாத் துணியையும் கழற்றியிருந்தால் நாற்பது கார் நின்றிருக்குமே என்கிறார். நாற்பது கார் தேவைப்படும்போது ஞாபகம் வைத்துக்கொள்கிறேன் என்று கோல்பர்ட் அலட்டிக்கொள்ளாமல் பதில் சொல்கிறார். அங்கே ஜெயித்தது கால் இல்லை, அந்தப் பதில்.

இதே படத்தில் எனக்கு இன்னும் பிடித்த காட்சி வேறு. அப்பா அனுப்பிய துப்பறிவாளர்கள் அறைக்குள் நுழையும்போது, இருவரும் பல வருடம் சேர்ந்து வாழ்ந்து அலுத்துப்போன கணவன் மனைவி போலச் சண்டை போட்டு நடிக்கிறார்கள். கேபிள் கத்துகிறார், கோல்பர்ட் ஓவென்று அழுகிறார். துப்பறிவாளர்கள் சங்கடப்பட்டுப் போய்விடுகிறார்கள். கதவு மூடியதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு இருக்கிறதே, அதில்தான் காதல் பிறக்கிறது. அவள் இவ்வளவு நன்றாக நடிப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சேர்ந்து விளையாட ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம் அது.

அந்தப் படத்துக்குச் சிறந்த படம், இயக்கம், நடிகர், நடிகை, திரைக்கதை என்று ஐந்து ஆஸ்கர் விருதுகள். இந்தியில் 1956இல் ராஜ் கபூர், நர்கிஸ் நடித்த 'சோரி சோரி'யைப் பார்த்தவர்களுக்குக் கதை பரிச்சயமாக இருக்கும். இதிலிருந்து வந்ததுதான்.

வேலைக்குப் போகும் பெண்களை இந்தப் படங்கள் மதித்தனவா?

'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) அளவுக்கு மதித்த படம் குறைவு. மூலம் 1928இல் வந்த ஒரு நாடகம். அதில் பத்திரிகை ஆசிரியர், நிருபர் இருவருமே ஆண்கள். ஒத்திகை மாதிரி வாசித்துப் பார்க்கும்போது நிருபரின் வசனத்தை ஒரு பெண் வாசிக்க, அது ஆண் வாசிப்பதைவிட நன்றாக இருப்பதாக ஹோவர்ட் ஹாக்ஸுக்குப் பட்டது. உடனே நிருபரைப் பெண்ணாக்கி, ஆசிரியரின் விவாகரத்தான மனைவியாகவும் ஆக்கிவிட்டார். ரோசலிண்ட் ரஸ்ஸல் அந்த நிருபர். ஆசிரியர் கேரி கிராண்ட்.

ரஸ்ஸல் வேலையை விட்டுவிட்டு ஒரு சாதுவான இன்ஷூரன்ஸ்காரரைக் கட்டிக்கொண்டு, மாமியாரோடு ஆல்பனியில் குடித்தனம் நடத்தப் போவதாகச் சொல்ல வருகிறார். அன்றைக்கே பெரிய செய்தி ஒன்று வெடிக்கிறது. தகவல் தெரிந்த ஆள் தப்பி ஓடும்போது, குதிகால் செருப்போடு துரத்திப்போய்த் தெருவில் பாய்ந்து பிடிக்கிறார் பாருங்கள், அந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் கைதட்டுவோம். இத்தனைக்கும் நடுவே டெலிபோனில் பேசிக்கொண்டே டைப் அடிக்கிறார், வருங்காலக் கணவர் பக்கத்தில் நின்று கூப்பிடுவது அவர் காதில் விழவே இல்லை.

வசனங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பேசப்படுகின்றன. ஒருவர் முடிக்கும் முன்பே அடுத்தவர் தொடங்கிவிட வேண்டும் என்பதற்காக, போனாலும் பரவாயில்லை என்கிற சில சொற்களை வசனத்தின் முன்னும் பின்னும் சேர்த்து எழுத வைத்தார் ஹாக்ஸ். தனக்கும் கிராண்டுக்குச் சமமாக நறுக்கான வசனங்கள் வேண்டும் என்று ரஸ்ஸல் தன் கைக்காசு போட்டு ஒரு எழுத்தாளரை வைத்துக்கொண்டார். தன் பங்கு சிரிப்பை ஒரு நடிகை காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். படத்தின் தொடக்கத்தில் கிராண்ட் அவருக்குக் கதவைப் பிடித்துக்கொள்ளாமல் முன்னால் போகிறார். கடைசிக் காட்சியிலும் முன்னால் போகிறார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரஸ்ஸல் பின்னால் ஓடுகிறார். ஒரு பக்கம் பெட்டி தூக்கும் அன்பான கணவர், கூடவே சலிப்பு. இன்னொரு பக்கம் பெட்டி தூக்காத முதலாளி, கூடவே பிடித்த வேலை. இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்று படம் அவரிடம் சொல்கிறது. மூன்றாவது வழி ஒன்று இருக்கக்கூடும் என்று 1940இல் அவர்களுக்குத் தோன்றவில்லை.

பெண்ணை அடிப்பதும் தள்ளுவதும் நகைச்சுவையாக வருகிறதே?

வருகிறது. மழுப்ப விரும்பவில்லை. 'இட் ஹாப்பண்ட் ஒன் நைட்' முடிவில் கேபிள் அவளுடைய அப்பாவிடமே, இவளைத் தினம் ஒரு தடவை அடிக்கிற ஆள்தான் இவளுக்குத் தேவை என்ற அர்த்தத்தில் சொல்கிறார். 'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' (1940) தொடங்குவதே ஹெப்பர்ன் கணவரின் கோல்ஃப் மட்டையை முழங்காலில் வைத்து உடைப்பதிலும், கிராண்ட் அவர் முகத்தில் கை வைத்துக் கீழே தள்ளுவதிலும்தான். அரங்கம் சிரிக்க வேண்டும் என்றே எடுத்தது. என்னால் இப்போது சிரிக்க முடியவில்லை.

அதைவிட எனக்கு வலிப்பது அதே படத்தில் அப்பா பேசும் பேச்சு. வேறொரு பெண்ணின் பின்னால் போனவர், அதற்குக் காரணம் தன்னிடம் அன்பு காட்டாத மகள்தான் என்கிறார். படமும் அவர் பக்கம் நிற்கிறது. இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1938 மே மாதம் திரையரங்கு உரிமையாளர்கள் சங்கம் ஒன்று கொடுத்த விளம்பரத்தில், வசூலுக்கு விஷம் என்று பட்டியலிட்ட நட்சத்திரங்களில் ஹெப்பர்னும் ஒருவர். 'பிரிங்கிங் அப் பேபி' அப்போதுதான் வந்து சரியாகப் போகாமல் இருந்தது. அவர் நாடக மேடைக்குப் போய், இந்தக் கதையில் நடித்து, அதன் பட உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலிவுட்டுக்குத் திரும்பினார். படம் பெரிய வெற்றி. திமிர் பிடித்தவள் என்று மக்கள் நினைத்த ஒரு நடிகை, அந்தத் திமிர் அடங்குவதாகக் காட்டி அவர்கள் மன்னிப்பைப் பெற்றார். புத்திசாலித்தனமான முடிவு. அந்தப் புத்திசாலித்தனம் தேவைப்பட்டதுதான் வருத்தம்.

ஆணை ஏமாற்றும் பெண்ணை ஏன் நமக்குப் பிடித்துப்போகிறது?

ப்ரெஸ்டன் ஸ்டர்ஜஸின் 'தி லேடி ஈவ்' (1941) பார்த்தால் தெரியும். பார்பரா ஸ்டான்விக் சீட்டாட்டத்தில் ஏமாற்றிப் பிழைப்பவர். ஹென்றி ஃபோண்டா பாம்பு ஆராய்ச்சி செய்யும் கோடீஸ்வரப் பிள்ளை. கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் அவரை வளைக்க ஒவ்வொரு பெண்ணாக முயல, ஸ்டான்விக் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, கைக்கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துக் கிரிக்கெட் வர்ணனை போலச் சொல்லிக்கொண்டே போகிறார். கர்ச்சீப்பைக் கீழே போடுபவள், தெரிந்த ஆள் போல் பேச வருபவள், எல்லோருக்கும் அவர் வாயில் ஒரு வசனம் உண்டு. திரைப்படம் என்றால் ஆண் பார்ப்பான், பெண் பார்க்கப்படுவாள் என்பது வழக்கம். இங்கே கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்டவர் ஆண். வர்ணனை முடிந்ததும் ஸ்டான்விக் காலை நீட்டுகிறார், ஃபோண்டா தடுக்கி விழுகிறார்.

பிறகு அதே பெண் ஆங்கிலேயச் சீமாட்டி வேடத்தில் அவர் வீட்டுக்கே வருகிறாள். இவ்வளவு ஒற்றுமை இருப்பதாலேயே இது வேறு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார் ஃபோண்டா. சோஃபா தடுக்கி விழுகிறார், திரைச்சீலையோடு விழுகிறார், சாப்பாடு மேலே கொட்டுகிறது. பெண்களை நல்லவள், கெட்டவள் என்று இரண்டாகப் பிரித்தே பார்க்கும் ஆணுக்குக் கண் எதிரில் நிற்பது ஒரே பெண் என்பது தெரியவில்லை. அதனால்தான் அந்த விழுதல்கள் சிரிப்பாக இருக்கின்றன.

எல்லாப் படமும் கல்யாணத்தில்தானே முடிகிறது?

ஆமாம். ஆனால் நிறையப் படங்களில் அது இரண்டாவது கல்யாணம், முதல் கணவரோடேயே. ஸ்டான்லி கேவல் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் இவற்றை மறுமணக் காமெடிகள் என்று அழைத்தார். 'தி ஆஃபுல் ட்ரூத்' (1937) படத்தில் ஐரீன் டன்னும் கிராண்டும் விவாகரத்து முழுசாக அமலுக்கு வரும் நாளை எண்ணிக்கொண்டே ஒருவர் காதலை ஒருவர் கெடுக்கிறார்கள். டன், கிராண்டின் தங்கை வேடம் போட்டு, அவருடைய புது மணப்பெண்ணின் கண்ணியமான வீட்டுக்குப் போய், மலிவான கிளப் பாட்டைப் பாடி இடுப்பை ஆட்டுகிறார். மாப்பிள்ளை வீட்டு மரியாதை அத்தனையும் காற்றில் பறக்கிறது. கிராண்ட் முகத்தைக் கவனியுங்கள். முதலில் பதற்றம், அப்புறம் மெல்ல ஒரு பெருமிதம். தன்னை இப்படிச் சிரிக்க வைக்க வேறு யாராலும் முடியாது என்று அவருக்குப் புரிகிறது.

இதில் நிஜ வாழ்க்கையும் கலந்திருக்கிறது. 'மை மேன் காட்ஃப்ரே' (1936) படத்தில் ஜோடியாக நடித்த வில்லியம் பவலும் கரோல் லம்பார்டும் 1933இலேயே விவாகரத்தானவர்கள். அந்த வேடத்துக்கு லம்பார்டுதான் வேண்டும் என்றவர் பவல்.

எழுதியவர்களில் பெண்கள் உண்டா?

உண்டு. 'பிரிங்கிங் அப் பேபி'யின் கதை ஹேகர் வைல்டுடையது, திரைக்கதையிலும் அவருக்குப் பங்கு உண்டு. 'தி ஆஃபுல் ட்ரூத்' திரைக்கதையில் இருப்பது வின்யா டெல்மாரின் பெயர். இயக்குநர் நாற்காலியில் மட்டும் நான் இங்கே குறிப்பிட்ட ஒரு படத்திலும் பெண் இல்லை.

இந்தச் சமத்துவம் எல்லோருக்கும் இருந்ததா?

இல்லை. கறுப்பினத்தவர்கள் வேலைக்காரர்களாகவும் ரயில் பணியாளர்களாகவும் மட்டுமே வருகிறார்கள். ஸ்டர்ஜஸின் 'தி பாம் பீச் ஸ்டோரி'யில் (1942) குடிகாரப் பணக்காரர்கள் ரயில் பெட்டிக்குள் துப்பாக்கியால் சுட்டு விளையாடும்போது, பயந்து ஒளியும் கறுப்பினப் பணியாளரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள். வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கிடைத்த வாய் அந்த மனிதருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காட்சி வரும்போது எங்கள் கூடம் அமைதியாகிவிடும்.

ஏன் நின்றுபோனது?

போர் வந்தது. லம்பார்ட் 1942 ஜனவரியில் போர்க்கடன் பத்திரங்கள் விற்கும் பயணத்திலிருந்து திரும்பும்போது விமான விபத்தில் இறந்தார். வயது 33. போர் முடிந்ததும் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். திரையிலும் வேகமாகப் பேசும் பெண் மெல்ல ஆபத்தானவளாக மாறி, இருட்டான குற்றப் படங்களுக்குள் போய்விட்டாள். லேடி ஈவாகச் சிரிக்க வைத்த அதே ஸ்டான்விக், 1944இல் 'டபுள் இண்டெம்னிட்டி'யில் கணவனைக் கொல்லத் திட்டமிடும் மனைவி.

முதலில் எந்தப் படம் பார்க்கலாம்?

'இட் ஹாப்பண்ட் ஒன் நைட்'டில் தொடங்குங்கள். வேகம் நிதானமாக இருக்கும். அடுத்து 'தி லேடி ஈவ்'. 'பிரிங்கிங் அப் பேபி'யை நாலு பேரோடு சேர்ந்து பாருங்கள், தனியாகப் பார்த்தால் பாதி சிரிப்பு போய்விடும். அந்தப் படத்தில் ஹெப்பர்ன் ஆரம்பத்தில் சிரிக்க வைக்க வேண்டும் என்று ரொம்ப முயன்று சொதப்பியதால், வால்டர் கேட்லெட் என்ற பழுத்த காமெடி நடிகரைக் கூப்பிட்டு அவருக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார் ஹாக்ஸ். வேடிக்கையாக இருக்கிறோம் என்று தெரியாத மாதிரி, முழு ஈடுபாட்டோடு நடிக்க வேண்டும் என்பதுதான் பாடம். கேட்லெட்டையே போலீஸ்காரராக அந்தப் படத்தில் பார்க்கலாம்.

'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'யைக் கடைசிக்கு வையுங்கள். வசனம் ஓடும் வேகத்துக்கு சப்டைட்டில் ஈடுகொடுக்காது. முதல் தடவை எழுத்தைப் படித்துக்கொண்டு பாருங்கள், இரண்டாவது தடவை எழுத்தை நிறுத்திவிட்டு ரஸ்ஸலின் கைகளை மட்டும் பாருங்கள்.